ஆறு நிமிடங்களின் கணக்கு

2005 மே 25 இரவு, இஸ்தான்புல் நகரின் அத்தாதுர்க் ஒலிம்பிக் அரங்கில் முதல் பாதி முடிந்தபோது ஏசி மிலான் மூன்று கோல், லிவர்பூல் பூஜ்யம். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மூன்று கோல் பின்தங்கிய எந்த அணியும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. 54ஆம் நிமிடத்தில் லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 56இல் விளாடிமிர் ஸ்மிட்சர் தூரத்திலிருந்து தாழ்வாக உதைத்த பந்து மிலான் கோல்கீப்பர் டீடாவின் விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. 60இல் சாபி அலோன்சோவின் பெனால்ட்டியை டீடா தடுத்தார்; தெறித்து வந்த பந்தை அலோன்சோவே ஓடிவந்து வலைக்குள் அடித்தார். 3-3. கூடுதல் நேரம் கோலின்றிக் கழிந்தது. பெனால்ட்டிகளில் லிவர்பூல் 3-2 என்று வென்றது.

அன்று தொடங்கிய வாக்குவாதம் இருபது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. லிவர்பூல் ரசிகர்களில் ஒரு சாரார் அந்த வெற்றியைப் பயிற்சியாளர் ரஃபேல் பெனிட்டெஸின் பெயரில் எழுதுகிறார்கள்: இடைவேளையில் அவர் செய்த மாற்றம்தான் ஆட்டத்தைத் திருப்பியது என்பது அவர்கள் கட்சி. இன்னொரு சாரார் ஜெரார்டைக் காட்டுகிறார்கள். பெனிட்டெஸ் வந்து ஓராண்டுகூட ஆகாத அணி அது. தொடக்கப் பதினொருவரில் அவர் வாங்கி வந்தவர்கள் அலோன்சோ, லூயிஸ் கார்சியா இருவர்தான், மற்றவர்கள் முந்தைய பயிற்சியாளர் ஜெரார் ஹுலியே காலத்து ஆட்கள் என்று இவர்கள் நினைவூட்டுகிறார்கள். எவர்ட்டன், செல்சி ரசிகர்களைக் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: அதிர்ஷ்டம். அந்தப் பருவத்தில் இங்கிலாந்து லீகில் 58 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்தில் நின்ற அணி, முதலிடம் பிடித்த செல்சிக்கு 37 புள்ளி கீழே கிடந்த அணி, ஐரோப்பாவின் சிறந்த அணியாக எப்படி ஆக முடியும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. அரையிறுதியில் செல்சியை வெளியேற்றிய லூயிஸ் கார்சியாவின் பந்து கோல்கோட்டை முழுதாகத் தாண்டியதா என்ற சண்டையும் இன்றுவரை தீரவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது காரணங்களைப் பற்றிய சச்சரவு. உள்ளே இருப்பது நன்றிக்கடன். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ரசிகன் விரும்புகிறான். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் நன்றி சொல்ல ஆளில்லாமல் போகிறது. அதனால்தான் அந்தச் சொல் வென்றவர் காதில் வசவாக விழுகிறது. ஆனால் ஆட்டத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்து, புள்ளியியலும் உளவியலும் கண்டறிந்தவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இரு தரப்பும் ஒரே பொருளுக்காகச் சண்டையிடவில்லை என்று தெரிகிறது. பயிற்சியாளர் செய்தது வாய்ப்பைப் பெருக்கியது. பெருகிய பிறகும் அந்த வாய்ப்பு சிறியதாகவே இருந்தது. இரண்டும் ஒருசேர உண்மை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் உடைமாற்றும் அறைக்குப் போவோம். மிலான் அன்று நடுக்களத்தை வைர வடிவில் அடுக்கியிருந்தது: அடியில் பிர்லோ, இரு பக்கமும் கட்டூசோவும் சீடோர்ஃபும், நுனியில் காகா. அவருக்கு முன்னால் ஷெவ்செங்கோவும் கிரெஸ்போவும். லிவர்பூலின் தொடக்க அணியில் நடுக்களத்தைக் காவல் காக்க என்றே ஒருவர் இல்லை. அந்த வேலையைத் தொழிலாகக் கொண்டவர், ஜெர்மானியரான டீட்மர் ஹமான், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதிலாகத் தாக்குதலுக்கு வலுச்சேர்க்க ஹாரி கீவெலை இறக்கியிருந்தார் பெனிட்டெஸ். விளைவு, தடுப்பாட்டக்காரர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையிலிருந்த வெளியில் காகா தனக்கென்று ஒரு முற்றம் கிடைத்ததுபோல ஆடினார். மூன்றாவது கோலுக்கு அவர் கிரெஸ்போவுக்குக் கொடுத்த நீண்ட பந்து கால்பந்துப் பாடநூலில் வைக்கத் தக்கது. அதைக் கொடுக்க அவருக்கு நேரமும் இடமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், விடை லிவர்பூலின் தொடக்க அணிப் பட்டியலில் இருக்கிறது.

இடைவேளையில் பெனிட்டெஸ் போட்ட கணக்கு இது: தடுப்பில் நால்வருக்குப் பதில் மூவர், ஹமானை இறக்கி காகாவின் முற்றத்தை அடைப்பது, அதனால் விடுபடும் ஜெரார்டை முன்னே தள்ளுவது, இரு ஓரங்களிலும் ரீசேயையும் ஸ்மிட்சரையும் ஏறி ஆடவிடுவது. மிலானின் வைர வடிவத்துக்கு அகலம் போதாது. ஓரங்களில் வெற்றிடம் விழும் என்பதைக் கணித்த மாற்றம் அது.

யாரை வெளியே எடுப்பது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. தடுப்பாட்டக்காரர் ஜிமி ட்ராவோரேயைத்தான் பெனிட்டெஸ் தேர்ந்தெடுத்தார். நீ வெளியே என்று சொல்லியாகிவிட்டது. அவரும் குளிக்கக் கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில், ஸ்டீவ் ஃபின்னனுக்குக் காயம், இரண்டாம் பாதியை அவர் தாக்குப்பிடிப்பது சந்தேகம் என்று உடற்சிகிச்சையாளர் வந்து சொன்னார். கீவெல் ஏற்கெனவே 23ஆம் நிமிடத்தில் காயத்தோடு வெளியேறி, அவருக்குப் பதில் ஸ்மிட்சர் வந்திருந்தார். மூன்று மாற்றுகளில் ஒன்று போய்விட்டது. இன்னொன்றையும் காயத்துக்குப் பறிகொடுக்க முடியாது. ஆகவே ஃபின்னன் எவ்வளவோ மறுத்துப் பேசியும் அவரே வெளியே எடுக்கப்பட்டார். ட்ராவோரே திரும்ப அழைக்கப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

லிவர்பூலின் மூன்றாவது கோலுக்குப் பிறகு ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கோல்கீப்பர் யெர்சி டுடெக் கையிலிருந்து நழுவிய பந்தை ஷெவ்செங்கோ காலியான கோலை நோக்கி உதைத்தார். கோட்டருகே நின்று அதை வெளியே தட்டியவர் ட்ராவோரே. பயிற்சியாளரின் முதல் முடிவு நிறைவேறியிருந்தால் அந்த இடத்தில் அவர் நின்றிருக்கவே மாட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று சொல்லிவிடலாமா? அதிர்ஷ்டக் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் மூன்று கோல்களையும் மீண்டும் பாருங்கள். முதல் கோல் இடது ஓரத்தில் ரீசே தூக்கிக் கொடுத்த பந்து. அதை முட்டியவர் பெனால்ட்டிப் பகுதிக்குள் தடையின்றி நுழைந்த ஜெரார்ட். ரீசே அவ்வளவு மேலே ஏறவும் ஜெரார்ட் அவ்வளவு முன்னே போகவும் வழிவிட்டது புதிய அடுக்கு. இரண்டாவதில் ஹமான் தட்டிக் கொடுத்த பந்தை மிலானின் குறுகிய நடுக்களத்துக்கு வெளியே, நெருக்க ஆளின்றி வாங்கி அடித்தார் ஸ்மிட்சர். மூன்றாவதில் மீண்டும் ஜெரார்ட் உள்ளே பாய்ந்தார், பின்னால் துரத்திவந்த கட்டூசோ அவரை வீழ்த்தினார், பெனால்ட்டி. மூன்றும் இடைவேளை மாற்றம் திறந்துவிட்ட வழிகளிலேயே வந்தன. இதைத் தற்செயல் என்று ஒதுக்குபவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மதிப்பெண் பலகையை மட்டும் பார்த்திருக்கிறார்.

அதே நேர்மையோடு பயிற்சியாளர் கட்சியிடமும் கேட்க வேண்டியது உண்டு. காகாவுக்கு அந்த முற்றத்தை முதல் பாதியில் திறந்துவைத்தது யார்? ஹமானை இறக்கியது அறிவு என்றால், 45 நிமிடம் அவரை உட்கார வைத்தது என்ன? செல்சிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் நடுக்களத்தைக் கட்டிக் காத்தவர் அவர். இரண்டாம் பாதியின் புகழை பெனிட்டெஸுக்குக் கொடுப்பவர்கள் முதல் பாதியின் பொறுப்பையும் அவர் கணக்கில் எழுத வேண்டும். அன்று அவர் செய்த மாபெரும் காரியம் தன் தவறைப் பதினைந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டு திருத்தியது. என் மதிப்பில் அது அரிய குணம். பெரும்பாலான பயிற்சியாளர்கள் தோற்றாலும் தொடங்கிய திட்டத்தோடேயே தோற்பார்கள்.

அதிர்ஷ்டம் லிவர்பூல் பக்கமே இருந்தது என்பதும் சரியில்லை. மிலானின் இரண்டாவது கோலுக்குச் சற்று முன் மறுமுனையில் பந்து நெஸ்டாவின் கையில் பட்டது. லிவர்பூல் பெனால்ட்டி கேட்டுக் கத்தியது. ஸ்பானிய நடுவர் மெகூட்டோ கொன்சாலெஸ் தரவில்லை. அதே ஓட்டத்தில் மிலான் எதிர்த்தாக்குதலில் கோல் அடித்தது. ஒரு விசில் ஊதியிருந்தால் 1-1 ஆகியிருக்கக்கூடிய ஆட்டம் 2-0 ஆனது. அந்த இரவின் அதிர்ஷ்டத்தைப் பட்டியலிடும் எதிரணி ரசிகர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

இனிக் கணக்கு. கால்பந்தில் கோல் அரிதான நிகழ்வு. அரிதான நிகழ்வுகள் எப்படி விழும் என்பதற்கு பாய்சான் பரவல் என்ற கணிதம் இருக்கிறது. 1898இல் போர்ட்கியேவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையில் இதைப் பொருத்திக் காட்டினார். கோல்களுக்கும் அது ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு அணி 90 நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றரை கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஆறு நிமிடங்களுக்குள் அது மூன்று கோல் அடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 6,500இல் ஒன்று. இப்போது பயிற்சியாளரின் மாற்றம் அணியின் கோலடிக்கும் வேகத்தை நான்கு மடங்காக உயர்த்தியது என்று தாராளமாகவே கொடுப்போம். அதே ஆறு நிமிடத்தில் மூன்று கோலுக்கான வாய்ப்பு 126இல் ஒன்றாகிறது.

இந்த இரண்டு எண்களிலும் முழு வாக்குவாதமும் அடங்கிவிடுகிறது. பயிற்சியாளர் வாய்ப்பை ஐம்பது மடங்கு பெருக்கியிருக்கிறார். உலகில் எந்தத் தொழிலிலும் ஒரே முடிவால் ஐம்பது மடங்கு பெருக்கிக் காட்டுபவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். ஆனால் அதே முடிவை 126 இரவுகளில் எடுத்திருந்தால் 125 இரவுகளில் அந்த ஆறு நிமிட அற்புதம் நடந்திருக்காது. மறுநாள் பத்திரிகைகள் ஹமானைத் தொடக்கத்தில் இறக்காததைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கும். இந்தக் கணக்கு கோல்களை ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு கோல் விழுந்தால் ஒரு அணி நிமிர்கிறது, மற்றது தடுமாறுகிறது. அந்த ஆறு நிமிடங்களை முன்கூட்டியே யாரும் குறித்துவைக்கவும் இல்லை. நடந்த பிறகு நாம் பொறுக்கி எடுத்த நிமிடங்கள் அவை. இவற்றைச் சேர்த்தால் எண்கள் சற்றே கனியும். அடிப்படை மாறாது.

இந்தச் சிந்தனை கால்பந்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்து விமானப்படையில் கணக்கராக இருந்த சார்லஸ் ரீப் 1950இல் ஆட்டங்களைப் பென்சிலால் குறிக்கத் தொடங்கி ஆயிரக்கணக்கான பக்கங்களை நிரப்பினார். 1968இல் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து ராயல் புள்ளியியல் கழக ஆய்விதழில் திறமையும் தற்செயலும் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை, தனி ஆட்டத்தில் தற்செயலின் ஆதிக்கம் மிகப் பெரிது என்றது. (அதே குறிப்புகளிலிருந்து நீளமாக உதைத்து ஆடுவதே சிறந்தது என்று அவர் எடுத்த முடிவு பிற்காலத்தில் பலத்த கண்டனத்துக்கு ஆளானது, அது வேறு கதை.) 1974இல் ஹில் என்ற புள்ளியியலாளர் மறுப்பு எழுதினார். பருவம் தொடங்குமுன் நிபுணர்கள் கணித்த வரிசையையும் பருவ இறுதி அட்டவணையையும் ஒப்பிட்டார். இரண்டுக்கும் தெளிவான ஒற்றுமை இருந்தது. எல்லாம் தற்செயல் என்றால் யாராலும் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாதே! ரீப் ஒரு ஆட்டத்தைப் பார்த்தார், ஹில் ஒரு பருவத்தைப் பார்த்தார். இருவரும் சரி.

2006இல் பென்-நயீம், வாஸ்கெஸ், ரெட்னர் என்ற மூன்று இயற்பியலாளர்கள் ஐந்து விளையாட்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். நலிந்த அணி வலிய அணியை வீழ்த்துவது எதில் அதிகம்? இங்கிலாந்துக் கால்பந்தில்தான். சமநிலையை அரை வெற்றியாகக் கொண்டு அவர்கள் கண்ட விகிதம் ஏறத்தாழ 45 விழுக்காடு. கூடைப்பந்தில் 37 விழுக்காட்டுக்கும் கீழே. காரணம் கூடைப்பந்தில் நூறு புள்ளி சேர்கிறது. ஒன்றிரண்டு குருட்டாம்போக்காக விழுந்தாலும் கூட்டுத்தொகையில் கரைந்துவிடும். கால்பந்தில் மொத்தமே இரண்டு மூன்று கோல். அவற்றில் ஒன்று காலில் பட்டுத் திரும்பிப் போனதாக இருந்தால் அந்த இரவே அதன் கையில். இதில் இன்னொரு முரணும் உண்டு: போட்டியிடுவோர் திறமையில் நெருங்க நெருங்க, எஞ்சிய வேறுபாட்டைத் தீர்மானிக்கும் பங்கு தற்செயலுக்குக் கூடுகிறது. இறுதியாட்டம் என்பது ஐரோப்பா முழுவதையும் சலித்து எடுத்த இரண்டு அணிகள் மோதுவது. அதனால் அங்கே தற்செயலின் ஆட்சி சாதாரண லீக் ஆட்டத்தைவிட அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் ரசிகர்களுக்கு இது ஏன் பிடிபடுவதில்லை? அவர்கள் அறியாதவர்கள் என்பதால் இல்லை. தன் அணியின் கடைசிப் பத்து ஆண்டு ஆட்டங்களை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகருக்குக் கால்பந்து பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பார்க்கும் கண்ணே சார்போடு பார்க்கிறது என்பதுதான் சிக்கல். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் படச்சுருளை ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணியின் மீறல்களை பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டது, டார்ட்மவுத் மாணவர்கள் கண்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. படம் ஒன்றுதான். 1954இல் வெளியான இந்த ஆய்வை நினைத்துக்கொண்டு லூயிஸ் கார்சியாவின் கோலை ஒரு லிவர்பூல் ரசிகரோடும் ஒரு செல்சி ரசிகரோடும் பார்த்தால், இருவரும் பொய் சொல்லவில்லை என்பது விளங்கும்.

1976இல் ராபர்ட் சியால்டினி குழுவினர் இன்னொன்றைக் கவனித்தார்கள். தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற ஆட்டத்தைப் பற்றி மாணவர்கள் பேசும்போது "நாங்கள் ஜெயித்தோம்" என்றார்கள். தோற்றதைப் பற்றி என்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்பதற்குச் சாய்ந்தார்கள். 1980இல் லௌ, ரஸல் இருவரும் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை ஆராய்ந்தபோது, வென்ற தரப்பு முடிவுக்குத் தன் திறமையையும் முயற்சியையும் காரணமாகக் காட்டுவது தோற்ற தரப்பைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. வெற்றியில் பங்கு கேட்கும் மனம், அந்த வெற்றி யாருடைய உழைப்பாலோ வந்ததாக இருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. தற்செயலாக விழுந்ததில் பங்கு கேட்டு என்ன பெருமை?

இவற்றைவிட ஆழமான பிழை ஒன்றுண்டு. 1988இல் பேரன், ஹெர்ஷி இருவரும் மருத்துவ முடிவுகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே நோயாளி, ஒரே அறுவைச் சிகிச்சை, வெற்றிக்கான ஒரே விகிதம். நோயாளி பிழைத்தார் என்று படித்தவர்கள் மருத்துவரின் முடிவை நல்லது என்றார்கள். இறந்தார் என்று படித்தவர்கள் அதே முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். முடிவெடுத்த கணத்தில் மருத்துவருக்குத் தெரிந்தது இரண்டு கதையிலும் ஒன்றுதான். கால்பந்தில் இதற்கு நேர்த்தியான சான்றைத் தந்தவர்கள் ரோமேன் கோரியோ, லயனல் பேஜ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள். கோல்கம்பத்தில் பட்ட உதைகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். பட்டு உள்ளே போனவை ஒருபுறம், பட்டு வெளியே தெறித்தவை மறுபுறம். உதைத்தவரின் திறமையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். சில அங்குலங்கள்தான் வேறுபாடு. ஆனால் பந்து உள்ளே போனவருக்குப் பத்திரிகையாளர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள்; பயிற்சியாளர்கள் அடுத்த ஆட்டங்களில் அவருக்குக் கூடுதல் வாய்ப்பும் கொடுத்தார்கள். ரசிகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை எடைபோடுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

இஸ்தான்புல்லில் பயிற்சியாளரின் கையை நான் தெளிவாகக் காண்பது அந்த ஆறு நிமிடத்தில் இல்லை, அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில். 86ஆம் நிமிடத்தில் மிலான் பயிற்சியாளர் அன்செலோட்டி இடது ஓரத்தில் செர்ஜினியோவை இறக்கினார். களைத்திருந்த லிவர்பூலை அவர் ஓடியே கிழிக்கத் தொடங்கினார். பெனிட்டெஸ் தன் தலைவரை, இரண்டு கோல்களுக்குக் காரணமான ஜெரார்டை, வலது ஓரத் தடுப்புக்கு இழுத்து செர்ஜினியோவின் வழியில் நிறுத்தினார். உலகமே முன்னால் பார்க்க விரும்பிய ஆட்டக்காரரைப் பின்னால் அனுப்புவதற்குத் துணிவு வேண்டும். அதை முணுமுணுக்காமல் செய்ய ஜெரார்டுக்குப் பெருந்தன்மை வேண்டும். கிழிசல் நின்றது. இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டுவதில்லை, ஏனென்றால் அதன் பலன் நடக்காத கோல்கள். பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்டது.

117ஆம் நிமிடத்தில் அதையும் மீறி ஷெவ்செங்கோ கோலுக்கு மிக அருகில் தனித்து நின்றார். தலையால் முட்டியதை டுடெக் தடுத்தார். திரும்பி வந்ததை முழு வேகத்தில் உதைக்க, தரையிலிருந்து எழுந்துகொண்டே கையை உயர்த்தினார் டுடெக். பந்து கையில் பட்டு குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. இதைத் திட்டமிட முடியாது. எத்தனை ஆண்டுப் பயிற்சியும் கோல்கீப்பரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தத்தான் முடியும்.

பெனால்ட்டிகளில் எல்லாம் கலந்துவிட்டது. கோல்கீப்பர் பயிற்சியாளர் ஓச்சோடோரேனா மிலான் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று தயாரித்த குறிப்புகள் இருந்தன: அது பயிற்சி. கோட்டில் நின்று காலை ஆட்டி எதிரியைக் குழப்பு, 1984இல் ரோமில் லிவர்பூல் கோல்கீப்பர் க்ரோப்லார் செய்ததுபோல் செய் என்று டுடெக்கின் காதில் கத்தியவர் சக ஆட்டக்காரர் கேரகர்: அது ஒரு கிளப்பின் நினைவு. செர்ஜினியோ வானத்துக்கு அடித்தார், பிர்லோவையும் கடைசியில் ஷெவ்செங்கோவையும் டுடெக் தடுத்தார். 2003 இறுதியாட்டத்தில் யுவென்டஸுக்கு எதிராக வெற்றி பெனால்ட்டியை அடித்த அதே ஷெவ்செங்கோ. நாணயச் சுண்டலில் முதலில் அடிக்கும் உரிமை மிலானுக்குப் போயிருந்தது. முதலில் அடிக்கும் அணி 60 விழுக்காடு வெல்கிறது என்று 2010இல் அபெஸ்டெகியா, பலாசியோஸ்-ஹுவர்டா இருவரும் எழுதினார்கள். கூடுதல் தரவோடு வேறு ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்தபோது அந்தச் சாதகம் பெரும்பாலும் கரைந்துபோனது. அதிர்ஷ்டத்தைப் பற்றிய ஆய்விலேயே அதிர்ஷ்டம் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஐம்பது நூறு ஆட்டங்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது.

ஒரே இரவை வைத்துப் பயிற்சியாளரை எடைபோட முடியாது என்றால் எதை வைத்துப் போடுவது? பல ஆண்டுகளை வைத்து. அங்கேயும் புகழ் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் காட்டியபடி, பல பருவங்களைச் சராசரியாக எடுத்தால் இங்கிலாந்து அணிகளின் இடவேறுபாட்டில் சுமார் 90 விழுக்காட்டை அவை கொடுக்கும் சம்பளமே விளக்கிவிடுகிறது. 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீகை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், தோல்விகளுக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டதைப் போலவே நீக்காத அணிகளும் மீண்டன என்று கண்டார். மோசமான காலத்துக்குப் பிறகு சராசரி தானே திரும்பி வருகிறது. புதியவர் வந்ததால் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

2012 மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் நடந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். பயர்ன் மியூனிக் தன் சொந்த அரங்கில் 20 கார்னர்கள் பெற்றது. செல்சி பெற்றது ஒன்றே ஒன்று, 88ஆம் நிமிடத்தில். அதை ட்ரோக்பா முட்டி கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் பயர்னின் ராபன் அடித்த பெனால்ட்டியை செல்சி கோல்கீப்பர் செக் தடுத்தார். பெனால்ட்டி வரிசையில் செல்சி வென்றது. மார்ச் மாதம் இடைக்காலப் பொறுப்பேற்ற டி மத்தேயோ கிளப்பின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு நவம்பரில், யுவென்டஸிடம் மூன்று கோல் வாங்கியதும், அவரை அனுப்பிவிட்டார்கள். மே மாதத்தில் அவர் அவ்வளவு பெரிய மேதையும் இல்லை, நவம்பரில் அவ்வளவு மோசமும் இல்லை.

பெனிட்டெஸுக்கும் அன்செலோட்டிக்கும் மறுதேர்வு 2007 மே 23 அன்று ஏதென்ஸில் கிடைத்தது. அதே இரு அணிகள், அதே இரு பயிற்சியாளர்கள். லிவர்பூல் இஸ்தான்புல்லைவிட ஒழுங்காக ஆடியது. காகாவின் முற்றம் இம்முறை முதல் நிமிடத்திலிருந்தே அடைக்கப்பட்டிருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் பிர்லோ அடித்த ஃப்ரீகிக் இன்ஸாகியின் உடம்பில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. 82இல் இன்ஸாகியே இன்னொன்று. லிவர்பூலின் கைட் ஒன்றைத் திருப்பினார், போதவில்லை. 2-1. பீட்டர் க்ரௌச்சை 78ஆம் நிமிடம் வரை வெளியே உட்கார வைத்ததற்காக பெனிட்டெஸை லிவர்பூல் ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. இரண்டு இறுதியாட்டங்களில் பயிற்சியாளராக அவர் நன்றாகத் தயாரித்தது தோற்ற ஆட்டத்தையே என்பது என் முடிவு.

அன்செலோட்டியின் பாதை இந்த வாதத்துக்கு இன்னும் நீண்ட சான்று. இஸ்தான்புல்லுக்குப் பிறகும் மிலான் அவரை வைத்துக்கொண்டது, ஏதென்ஸ் கிடைத்தது. 2014இல் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட் பயிற்சியாளராக அவர் நின்றபோது, அட்லெட்டிகோ 1-0 என முன்னிலையில் இருக்க, ஆட்டம் 90 நிமிடத்தைக் கடந்துவிட்டது. 59ஆம் நிமிடத்தில் அவர் இறக்கிய மார்செலோவும் இஸ்கோவும் ஆட்டத்தின் போக்கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கோல் இல்லை. இழப்பு நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து செர்ஹியோ ராமோஸ் முட்டினார். கூடுதல் நேரத்தில் 4-1. ராமோஸின் தலை ஓரங்குலம் தவறியிருந்தால் அந்த இரு மாற்றங்களும் பலிக்காத முயற்சிகளாகப் பதிவாகியிருக்கும். அடுத்த பருவம் கோப்பை எதுவும் பெரிதாக வரவில்லை. 2015 மே மாதம் மாட்ரிட் அவரை நீக்கியது. 2021இல் அதே கிளப் அவரைத் திரும்ப அழைத்தது. 2022இலும் 2024இலும் அவர் மீண்டும் சாம்பியன்ஸ் லீக் வென்று, பயிற்சியாளராக ஐந்து முறை அந்தக் கோப்பையைப் பெற்ற முதல் மனிதரானார். அந்த ஐந்தில் 2003 பெனால்ட்டியில் முடிந்தது. 2022 அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ரோட்ரிகோ 90ஆம் நிமிடத்திலும் அதற்கடுத்த நிமிடத்திலும் அடித்த இரண்டு கோல்கள் இல்லையென்றால் இறுதியாட்டமே இல்லை. ஐந்தில் எத்தனை அதிர்ஷ்டம் என்று கேட்பவர்கள், இரண்டு பத்தாண்டுகளாகக் கடைசி நால்வரில் ஒருவராக அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?